பெயருக்கு முன்னால் ஓர் இடம்

வெள்ளவத்தை, கொழும்பு 06
2025 பெப்ரவரி 11

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய தம்பி ஜனாவுக்கு,

தமக்கை நேசமலர் எழுதிக்கொள்வது. உமது மார்கழி மடலுக்கு மாசி பிறக்கும் தறுவாயிலும் மறுமொழி வரையாதிருந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். தாமதம் சோம்பலால் நேர்ந்ததன்று; எழுத வேண்டிய செய்தி முற்றுப்பெறாதிருந்தமையால் நேர்ந்தது. நீரும் ஜீவராணியும் அங்குள்ள குளிரில் உடல்நலம் பேணி இருப்பீர்கள் என நம்புகிறேன். எனக்கு முழங்கால் நோவு. நான் வேலைக்குப் போகும் மட்டக்குளி பஸ்ஸின் மிதிபடி தாழ்ந்தால் அதுவும் தணியும். பிற குறையில்லை.

என் மகள், உமது மருமகள் உஷாந்திக்குத் திருமணம் பொருந்தி வந்துள்ளது. மாப்பிள்ளை பிரதீஸ், வங்கியில் வேலை, கொட்டாஞ்சேனையில் வீடு. ஐப்பசியில் நாள் பார்க்கிறார்கள். தாய்மாமன் முன்னிற்க வேண்டும் என்பதைத் தனியே எழுதத் தேவையில்லை. ஆயினும் அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவ்வாறு எழுதாமல் விட்டேன், நீர் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறு மாப்பிள்ளையின் தகப்பனார் நமசிவாயம் வந்திருந்தார். தேநீர் ஆறும்வரை மழையைப் பற்றிக் கதைத்தார். பின்னர்,

“அக்கா, ஒண்டு கேக்கோணும். குறை நினைக்கப்படாது. அழைப்பிதழிலை பொம்பிளையின்ரை தேப்பனுக்கு என்ன போடுறது? திரு எண்டோ, அமரர் எண்டோ?” என்றார்.

“திரு,” என்றேன்.

“திரு எண்டு போட்டால் சனம் மண்டபத்திலை ஆளைத் தேடும். அமரர் எண்டு போட்டால் ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம்.”

“தேடட்டும். நான் பதினேழு வருஷமாத் தேடுறன். அவையள் ஒரு சாப்பாட்டு நேரம் தேடினால் தேய்ஞ்சு போவினமோ?”

அவர் கெட்டவர் அல்லர். வெள்ளை வான் வண்டியில் ஏற்றப்பட்டுத் திரும்பாத ஒருவரின் மகளை மறுப்பின்றி ஏற்றவர். ஆனால் அவருக்கு ஒரு முடிவு வேண்டும். ‘அமரர்’ என்று அச்சிட்டால் நான் தாலியைக் கழற்ற வேண்டும். மகளின் மணவறைக்கு அருகிலும் நிற்க இயலாது. நீரும் ஜீவராணியும் தாரை வார்ப்பீர்கள், நான் சமையற்கட்டில் நிற்பேன்.

கொட்டாஞ்சேனை அச்சகத்தில் என் தொழிலே இந்த ஒரு சொல்லைக் காப்பதுதான். உயிரோடிருக்கும் தகப்பனுக்கு ‘அமரர்’ விழாமலும் இறந்தவருக்குத் ‘திரு’ விழாமலும் மெய்ப்புப் பார்க்கிறேன். என் கணவருக்கு எது என்றால், ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் மூலப்பிரதி இல்லை.

உமது நிறுவனத்தின் விண்கலம் ஒன்று மௌனமாகிவிட்டதென எழுதியிருந்தீர். அது உயிரோடு உள்ளதா இல்லையா என்று எண் கூறுவதே உமது பணி என்றும் எழுதியிருந்தீர். அந்த எண்ணை எவ்வாறு பெறுகிறீர் என விளக்குக. பத்தாம் வகுப்போடு நின்றவள் என எண்ணிச் சுருக்க வேண்டாம். பல்கலைக்கழகப் புள்ளியியல் நூலொன்றுக்கு மெய்ப்புப் பார்த்தபோது அதன் எழுத்துப் பிழைகளோடு பொருளையும் கற்றுக்கொண்டேன்.

உமது நலம் நாடும் தமக்கை,
சி. நேசமலர்


பிறேமன், ஜேர்மனி
2025 மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். முழங்காலுக்கு வைத்தியரிடம் காட்டுங்கள், எண்ணெயோடு நிற்க வேண்டாம். உஷாந்தியின் செய்தி கேட்டு ஜீவராணி துள்ளிக் குதித்தாள். நானும்தான், என் வயதுக்கு ஏற்ற உயரத்துக்கு. கட்டாயம் வருவேன்.

கலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சூரியனுக்குப் பின்னால் போனது. வெளியே வர வேண்டிய நாளில் அதன் குரல் வரவில்லை. செத்திருக்கலாம். அல்லது மயங்கிச் சுழன்றுகொண்டிருக்கலாம். அப்படியென்றால் அதன் அன்டெனா இடைக்கிடைதான் பூமியைப் பார்க்கும். தொடக்கத்தில் உயிருக்குப் பாதி, சாவுக்குப் பாதி என்று வைத்தோம். உயிரோடிருந்தால் ஒருமுறை காது கொடுக்கையில் குரல் கேட்க நாலில் ஒரு வாய்ப்பு. கேட்காவிட்டால், உயிருக்கும் சாவுக்கும் உள்ள விகிதத்தை நாலில் மூன்றால் பெருக்குவோம். அடுத்த மௌனத்துக்கு இன்னொரு முறை. இப்படித்தான் நம்பிக்கை தேயும், ஒரேயடியாகப் போகாது.

எப்போதும் காது கொடுக்கவும் முடியாது. அதே பெரிய அன்டெனாதான் இன்னொரு கலத்தையும் வழிநடத்துகிறது. அது உயிரோடிருக்கிறது, ஆவணியில் சுற்றுப்பாதைக்குள் நுழைய வேண்டும். இதற்குக் கொடுக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அதன் பாதுகாப்பிலிருந்து எடுப்பது. எந்த எண்ணுக்குக் கீழே போனால் கேட்பதை நிறுத்துவது என்பதுதான் எங்கள் சண்டை.

இன்னொரு செய்தி. நதா அண்ணை தை மாதம் ஹம்பேர்க்கில் காலமானார். சிறுநீரகம். செத்தவீட்டுக்குப் போய்வந்தேன். இங்கே வந்த புதிதில் எங்களோடு மூன்று மாதம் இருந்தவர்.

சம்பந்தியாரோடு இழுபறிப்பட வேண்டாம், அக்கா. நல்ல இடம்.

அன்புடன்,
ஜனா


வெள்ளவத்தை
2025 ஏப்ரல் 2

அன்புமிகு தம்பிக்கு,

நலம். அங்ஙனமே நீங்களும் இருக்க மயூரபதி அம்மனை வேண்டுகிறேன். உஷாந்தி மாமிக்கு முத்தம் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

நதா மறைந்த செய்தியை இரண்டாம் முறை வாசித்தே நம்பினேன். உமது அத்தானும் அவரும் கொட்டாஞ்சேனையில் பங்காளிகளாய்த் தொலைபேசிக் கடை நடத்தியதும், ஒரே வான் வண்டியில் இருவரும் ஏற்றப்பட்டதும், ஈராண்டின் பின் அவர் மட்டும் விடப்பட்டதும் நீர் அறிந்தவையே. என் கையால் ஆயிரம் முறை உண்டவர், விடுபட்டபின் என் படியேறாமலே விமானம் ஏறினார். ஹம்பேர்க்குக்கு இருமுறை தொலைபேசி எடுத்தேன். இருமுறையும் அவர் மனைவி, “குளிக்கிறார் அக்கா, பிறகு எடுப்பார்,” என்றாள். இறக்கும்வரை குளித்திருக்கிறார். உம்மோடு மூன்று மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர் உமது அத்தானைப் பற்றி ஒரு சொல்லேனும் சொல்லவில்லையா? இதற்கு மறுமொழி எழுதுக.

கலத்தின் கணக்கை நான் செய்து பார்த்தேன். ஒன்று விடுபட்டுள்ளது. கலம் உயிரோடு இருந்தும் அதன் அன்டெனா உடைந்திருந்தால்? அதனால் ஒருபோதும் பேச முடியாது. அப்படியானால் நீங்கள் நூறு முறை கேட்டும் கேளாமை எதையும் நிறுவாது. பேச வல்லது பேசாதிருந்தால் அது சான்று. வாய் கட்டப்பட்டது பேசாதிருந்தால் அது சான்றன்று. ஆகவே உமது எண் ஓர் அளவுக்குக் கீழே தேயக் கூடாது.

இதை எவருக்காக எழுதுகிறேன் என்பது உமக்கு விளங்கும். அடைத்து வைக்கப்பட்டவர் மடல் எழுதார். பதினேழு ஆண்டு மௌனம் அவர் வெளியே இல்லை என்று மட்டுமே சொல்கிறது.

அன்புடன்,
தமக்கை


பிறேமன்
2025 மே 18

அன்புள்ள அக்கா,

பதில் பிந்திவிட்டது, வேலை கழுத்து மட்டும் மூடிவிட்டது. நலம்தானே? இங்கே மரமெல்லாம் பூத்து ஜீவராணிக்குத் தும்மல்.

உங்கள் கணக்கை எங்கள் கூட்டத்தில் சொன்னேன். அந்தக் கிளை எங்களிடமும் இருக்கிறது, ஊமைக் கலம் என்று தனியாகவே வைத்திருக்கிறோம். அது சரி. ஆனால் நீங்கள் காலத்தை விட்டுவிட்டீர்கள். ஊமைக் கலத்துக்கும் பற்றரி இறங்கும், அக்கா. சூரியத் தகடு திரும்பாமல் இருந்தால் குளிரில் எரிபொருள் உறைந்து குழாய் வெடிக்கும். பேச முடியாதது என்பதால் சாகாது என்று இல்லை. மௌனம் குறைக்காத எண்ணைக் காலம் குறைக்கும். புதிதாகப் படிப்பவர்கள் எல்லாரும் விடுகிற பிழைதான்.

அத்தானையும் கலத்தையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டாம். அந்த மற்றக் கலத்தை யோசியுங்கள். அது உயிரோடிருக்கிறது, அதற்கு ஒரு நாள் குறித்திருக்கிறது. அதன் மணித்தியாலங்களைத்தான் செலவழிக்கிறோம்.

உஷாந்திக்கு என்ன நிறத்தில் கூறை எடுப்பது என்று ஜீவராணி கேட்கிறாள்.

அன்புடன்,
ஜனா


வெள்ளவத்தை
2025 ஜூன் 5

தம்பி ஜனாவுக்கு,

நலமே. கூறை அரக்கு நிறம். ஜீவராணியின் தும்மலுக்குத் துளசி.

பிழை என்னுடையதே. காலத்தைச் சேர்த்து மறுபடி செய்தேன். நீர் சொன்னபடியே எண் தேய்கிறது. “புதிதாகப் படிப்பவர்கள்” என்ற சொல்லை மட்டும் நீர் தவிர்த்திருக்கலாம். பற்றரி இறங்கும், குழாய் வெடிக்கும் என்று எழுதிய கை, அது எவருடைய உடலைக் குறித்து வாசிக்கப்படும் என்பதை எண்ணவில்லை போலும். நதாவைக் குறித்து நான் கேட்டதற்கு உமது மடலில் ஒரு வரியும் இல்லை. கழுத்து மட்டும் வேலை, மறந்திருப்பீர்.

மற்றக் கலம் உஷாந்தி என்பதும் விளங்கிற்று. அவளிடமே கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள்.

“பிள்ளை, உனக்கு என்ன போடோணும்?”

“அம்மா, ஒன்பது வயசிலை ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். றெயில் போற சத்தம் கேட்டால் அப்பா எண்டு ஓடுவன். எனக்கு அது காணும், இனிப் போதும்.”

“அப்ப அமரர் எண்டு போடச் சொல்லுறியோ?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு நீங்கள் பக்கத்திலை நிக்கோணும். அது எந்தச் சொல்லுப் போட்டால் நடக்குமோ அதைப் போடுங்கோ.”

அவள் கேட்பது ‘திரு’. நமசிவாயம் கேட்பது ‘அமரர்’. ‘திரு’ என்று போட்டால் இந்தச் சம்பந்தம் முறியுமோ என்று அவள் அஞ்சுகிறாள், வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆகவே உம்மிடம் ஒன்று கேட்கிறேன். ஆறுதல் வேண்டாம், எண் வேண்டும். உமது அத்தான் சிவபாதசுந்தரம் இன்று உயிரோடிருக்க எவ்வளவு வாய்ப்பு? வயது, நீரிழிவு, மௌனம், ஊமைக் கிளை, பற்றரி யாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுக. உமது கலத்துக்குக் காது கொடுப்பதை எந்த எண்ணில் நிறுத்துகிறீர்களோ, அதற்கும் கீழே அவருடைய எண் நின்றால், நானே அச்சகம் சென்று என் கையால் ‘அமரர்’ என்று எழுதிக் கொடுப்பேன். தாலியையும் கழற்றுவேன். இது வாக்கு. ஓர் இயந்திரத்துக்கு அளிக்கும் நீதியை என் கணவருக்கும் அளிக்குமாறு கேட்கிறேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

தமக்கை,
சி. நேசமலர்


பிறேமன்
2025 ஜூலை 1

அன்புள்ள அக்கா,

நலம். நேற்று கலத்தைக் கைவிட்டோம். ஆயிரத்தில் ஏழு. அதுதான் கடைசி எண். அன்டெனா முழுவதையும் மற்றக் கலத்துக்குக் கொடுத்துவிட்டோம். ஒரு பெடியன் அழுதான். ஐந்து வருஷம் அதன் மென்பொருளோடு கிடந்தவன்.

அறிக்கை எழுதும்போது என் தலைவியோடு பெரிய சண்டை. “ஆயிரத்தில் ஏழுக்கும் பூச்சியத்துக்கும் என்ன வித்தியாசம்? பூச்சியம் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவோம்,” என்றார். நான் மாட்டேன் என்றேன். எங்கள் தொழிலில் பூச்சியம் எழுதக் கூடாது, அக்கா. பூச்சியம் என்றால் நாளைக்கு அது வாய் திறந்து கூப்பிட்டாலும் நம்ப மாட்டேன் என்று பொருள். என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் எழுதியிருக்கிறேன். ஏவிய சில நிமிடத்தில் கடலில் விழுந்த ரொக்கெட் அது. மீன்பிடிப் படகுக்காரர் கண்ணால் கண்டு, துண்டுகளையும் கொண்டுவந்து தந்தார்கள். கண்டவன் சொன்னால்தான் பூச்சியம். மௌனத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருநாளும் இல்லை.

அத்தானைப் பற்றி நீங்கள் கேட்டது என்னால் முடியாது. மனிதருக்கு அந்தக் கணக்கு இல்லை. வற்புறுத்த வேண்டாம்.

அன்புடன்,
ஜனா


வெள்ளவத்தை
2025 ஜூலை 15

தம்பிக்கு,

உடல்நலம் விசாரிக்கும் முறைமையை இம்முறை ஒரே வரியில் முடிக்கிறேன்: நலமா?

காப்புறுதிக் கம்பனிகள் மனிதருக்கு அந்தக் கணக்கைத்தான் நாள்தோறும் செய்கின்றன. ஆகவே “மனிதருக்கு இல்லை” என்பது உண்மையன்று. “என் அக்காவுக்கு இல்லை” என்று எழுதுக.

இன்று அச்சகத்தில் நடந்ததைக் கேளும். எழுத்துக் கோப்பவர் றமேஷ், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர், கணினியில் எங்கள் அழைப்பிதழைத் திறந்து வைத்திருந்தார்.

“நேசமலர் அன்ட்டி, ஊரு ஒலகத்துக்கெல்லாம் நீங்க திருத்துறீங்க. ஒங்க வீட்டுக் கார்ட இப்புடி மொட்டையா வச்சிருக்கீங்களே. என்னா போட?”

“ஒரு எண் வரோணும் தம்பி. வந்தாப் போடுவம்.”

“எண்ணா? கலியாணக் கார்டுக்கு என்னா எண்ணு? மண்டபத்து போன் நம்பரா?”

சிரித்தேன். நான் சிரித்ததைக் கண்டு மற்றவர்களும் சிரித்தார்கள். ஆயிரத்தில் ஏழு என்பதை அவர்களுக்கு எந்த மொழியில் விளக்குவேன்?

எல்லை எனக்குத் தெரியும். எண்ணை மட்டும் அனுப்பி வையும்.

தமக்கை


வெள்ளவத்தை
2025 ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

நலமறிய ஆவல். இங்கு தபால் ஊழியர் பணிப்புறக்கணிப்பு முடிவடைந்து, தேங்கிய கடிதங்கள் யாவும் விநியோகமாகிவிட்டன. கீழ்வீட்டு ஸீனத்துக்கு மூன்று மாதத்துக்கு முந்திய மின்கட்டணமும் வந்து சேர்ந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. ஆகவே உமது மௌனத்துக்குத் தபாலைக் குறைகூற முடியாதவளாக இருக்கிறேன்.

நமசிவாயம் தொலைபேசியில், “அக்கா, புரட்டாதி முடியமுன்னம் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இல்லாட்டில் நாளைத் தள்ளுவம்,” என்றார். தள்ளுவம் என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும். உஷாந்தி வேலைக்குப் போகிறாள், வருகிறாள். சோற்றை அறைக்குள் கொண்டுபோய் உண்கிறாள்.

எழுதுக.

தமக்கை


பிறேமன்
2025 செப்டெம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட எண்: பூச்சியம்.

அமரர் என்றே போடுங்கள். உஷாந்தியின் நாளைத் தள்ள விட வேண்டாம். கனக்க யோசிக்காதீர்கள். ரிக்கெற் எடுத்துவிட்டோம். ஒரு குறையும் வராமல் நான் முன்னுக்கு நின்று செய்விப்பேன்.

அன்புடன்,
ஜனா


வெள்ளவத்தை
2025 செப்டெம்பர் 19

தம்பி ஜனாவுக்கு,

நீரும் ஜீவராணியும் நலமாயிருக்க வேண்டும் என்ற விருப்பத்தில் மாற்றமில்லை. நான் உண்கிறேன், உறங்குகிறேன், பஸ்ஸில் ஏறுகிறேன்.

உமது மடல் கிடைத்தது. முதல் வாசிப்பில் அழுதேன் என்று எண்ண வேண்டாம். வாக்குக் கொடுத்தவள் என்ற முறையில் எழுந்து, முகம் கழுவி, தாலிக்கொடியின் கொளுக்கியில் கை வைத்தேன். பழைய கொளுக்கி, இறுகிப் போயிருந்தது. அதனோடு போராடியபடியே மேசையில் கிடந்த மடலை மெய்ப்புப் பார்ப்பவளின் கண்ணோடு மறுபடி பார்த்தேன். அப்போதுதான் அந்தச் சொல் இடறியது.

ஆயிரத்தில் ஆறு என்று நீர் எழுதியிருந்தால் நான் ஏற்றிருப்பேன். ஆயிரத்தில் ஒன்று என்று எழுதியிருந்தால் உமது இரக்கத்தை மெச்சியிருப்பேன். தலைவியோடு சண்டையிட்டு, இரும்பாலான ஒரு பொருளுக்குக்கூட நீர் எழுத மறுத்த எண்ணை எனக்கு எழுதினீர். பொய் எண் எழுத உமது கைக்கு வரவில்லை. நல்ல பழக்கம்தான். கண்டவன் சொன்னால்தான் பூச்சியம் என்று ஜூலையில் எழுதியவர் நீர். கண்டவர் எவர் என்று கண்டுபிடிக்க எனக்குப் புள்ளியியல் தேவைப்படவில்லை.

ஹம்பேர்க்குக்கு அழைத்தேன். இம்முறை குளிப்பதற்கு எவரும் இல்லை. “தங்கச்சி, நான் நேசமலர். நதா சிவபாதத்தைப் பற்றி என்ன சொன்னவர்?” என்றேன். முதலில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தாள். பிறகு,

“அக்கா, ஜனா அண்ணை இன்னும் சொல்லேல்லையோ? நாங்கள் உங்கட வீட்டிலை இருக்கேக்கையே இவர் எல்லாத்தையும் சொல்லிட்டாரே. ஆறுதலாத் தானே சொல்லுறன் எண்டு இவரிட்டைச் சத்தியம் பண்ணினவர்,” என்றாள். “உங்கட வீடு” என்று அவள் சொன்னது உமது வீட்டை. அதன்பின் அழுதாள். எதைக் கேட்டும் அழுகைதான் வந்தது. இணைப்பைத் துண்டித்தேன்.

ஆக, நதா உமது வீட்டில் தங்கிய அந்த ஆண்டு தொட்டு உமக்குத் தெரியும். உஷாந்தி பெரியபிள்ளையானபோது தெரியும். அம்மா “மருமகன் வந்தால் இந்த மோதிரத்தைக் குடு” என்று சொல்லிக் கண்மூடியபோது தெரியும். வீதியோரத்தில் மற்றப் பெண்களோடு அவர் படத்தை நெஞ்சில் பிடித்து வெயிலில் நின்றதை உமக்கு எழுதினேனே, அதை வாசித்தபோதும் தெரியும். “தொப்பி போட்டுக்கொண்டு நில்லுங்கோ அக்கா” என்று பதில் எழுதியிருந்தீர்.

இத்தனை ஆண்டும் சுமங்கலி என்று என்னைக் கூப்பிட்டு எத்தனை வீட்டார் ஆராத்தி எடுப்பித்தார்கள்! எத்தனை பிள்ளைகளின் நெற்றியில் பொட்டு வைத்தேன்! அந்த வீடுகளுக்கு நான் என்ன மறுமொழி சொல்வேன்? அவை அமங்கலமாயின என்று நான் நம்பவில்லை. அவ்வளவு அறியாமை எனக்கில்லை. ஆனால் பொய்யாக நின்றேன். நிற்கவைத்தவர் நீர்.

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. விடை தெரியும். சொன்னால் இவள் என்ன ஆவாள் என்று கணக்குப் பார்த்தீர். நான் உடைவதற்கு எவ்வளவு வாய்ப்பு, உஷாந்தி தனிப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்றெல்லாம் கூட்டிக் கழித்து, சொல்லாதிருப்பதே குறைந்த அபாயம் என்று முடிவெடுத்தீர். உமது தொழிலில் அது திறமை. ஆனால் அந்தக் கணக்கில் நான் மனிதப் பிறவி என்பதற்கு ஓர் இடமும் இல்லை. நான் விழுந்துவிடக் கூடிய ஒரு பாகம். என்னிடம் கேட்டிருந்தால் விழுந்திருப்பேன்; பிறகு எழுந்து அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்திருப்பேன்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உமக்குத் தெரிந்தபின் பதினான்கு திதிகள் போயின. ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் அவருக்கு விழவில்லை. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் மற்றவர்கள் எள்ளும் தண்ணீரும் இறைக்க முகத்துவாரத்துக்குப் போகும்போது நான் வீட்டில் இருந்து அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன், வந்தால் உண்ணட்டும் என்று.

உஷாந்திக்கு நேற்றுச் சொன்னேன். எழுந்து வந்து என் கொளுக்கியைத் தன் பல்லால் கடித்துக் கழற்றினாள். “நீங்கள் மணவறையிலை என்ரை பக்கத்திலைதான் நிப்பியள். மாமா மாமி வேண்டாம். பாக்கிறன், ஆர் என்ன சொல்லுகினம் எண்டு,” என்றாள். நமசிவாயத்துக்கும் அவளே தொலைபேசி எடுத்தாள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நாள் தள்ளப்படவில்லை என்று மட்டும் சொன்னாள்.

அழைப்பிதழ் இன்னும் அச்சேறவில்லை. றமேஷிடம் சொல்லிவிட்டேன். ‘அமரர்’ என்ற சொல்லை என் கையால்தான் எழுதிக் கொடுப்பேன். ஆனால் நாள் தெரியாத ஒரு சாவுக்கு நான் அதை எழுத மாட்டேன். ஊகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தவள் அல்லள் நான். எனவே நதா உம்மிடம் சொன்னதை, அவர் சொன்ன சொற்களிலேயே, ஒன்றும் மென்மையாக்காமல் எழுதுக. எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த நாள். எந்த இடம். தன் கண்ணால் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா. கடைசியாக உமது அத்தான் ஏதேனும் சொன்னாரா. நாள் கிடைத்தால் திதியை நானே பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்வேன். அதற்கும் எவரிடமும் படிக்கவில்லை.

நீர் வருவதா வேண்டாமா என்பதை அந்த மடலை வாசித்த பின்னர் எழுதுவேன். புரட்டாதி முடியுமுன் அச்சிட வேண்டும். அவர் பெயருக்கு முன்னால் இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

விரைந்து பதில் எழுதவும்.

நேசமலர்